ஐஷ் கேட்டவருக்கு ஐஸ் கொடுத்த வீடு

பேச்சுப் பயிற்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. மூளையைக் கணினித் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நாங்கள் கரும்பலகையில் வரைந்ததைப் பார்த்துப் படித்தவர்கள். எங்கள் ஆசிரியை வரைகிற மூளை பெரும்பாலும் முந்திரிக்கொட்டை மாதிரிதான் இருக்கும். பார்க்கிறபோதெல்லாம் பசிக்கும். அதனால் மூளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லியே முடித்துக்கொள்கிறேன். அந்த வீட்டில் மூன்று வயது மூளை ஒன்று, இருபதுகளில் இருந்த மூளை ஒன்று, அறுபதைத் தாண்டி அடிபட்ட மூளை ஒன்று, மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நான் நாற்பது புத்தகத்தில் படித்திருக்கக்கூடியதை அங்கே ஒரே வருஷத்தில் கண்ணால் பார்த்தேன்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் என் அறை. மற்ற ஊர்களில் பட அட்டை வைத்திருப்பார்கள். நான் செராமிக் பொம்மைகள் வைத்திருந்தேன். சூளையில் லேசாகக் கோணிப்போனவை, நிறம் சரியாகப் பிடிக்காதவை என்று எங்கள் ஊர் பீங்கான் பட்டறைகளில் எப்போதும் கொஞ்சம் ஒதுக்குவார்கள். பசு, மீன், கிளி, குதிரை, வெங்காயம், தக்காளி, சின்னக் குடம் என்று ஒரு கூடை நிறைய என்னிடம் இருந்தது. படத்தைவிட இவை நல்லது. கையில் எடுத்தால் கனம் தெரியும். கனம் தெரிந்தால் சில பேருக்குச் சொல் சீக்கிரம் வரும்.

ஒரு நாள் காலை மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சாகுல் அமீது என்ற பெரியவர், அவர் மனைவி மைமூன், இளைய மகள் நஸ்ரின். சாகுல் பாய் குவைத்தில் பெரிய வீடுகளிலும் விருந்துக் கூடங்களிலும் பல வருஷம் சமையல்காரராக இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். வந்து சில மாதங்களிலேயே பக்கவாதம். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கையும் காலும் தளர்ந்து, பேச்சு போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபின் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. பேச்சு மட்டும் வரவில்லை. வந்தது என்னவோ, யாருக்கும் புரியவில்லை.

“அத்தா உளர்றாங்க டீச்சர்” என்றாள் நஸ்ரின். “ஐஸ், ஐஸ்னு கேக்குறாங்க. குடுத்தா தள்ளி வுடுறாங்க. கோவம் வருது. அப்புறம் அழுவுறாங்க.”

வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டு காலியாகாமல் பார்த்துக்கொண்டதாக மைமூன் சொன்னார். பால் ஐஸ், குச்சி ஐஸ் எல்லாம் வாங்கிப் பார்த்தார்களாம். ஐஸ் கட்டியைக் கன்னத்தில் ஒற்றிக்கூடப் பார்த்தார்களாம். சாகுல் பாய் நிமிர்ந்து உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி சொல்லச் சொல்ல அவர் முகத்தில் வந்த சலிப்பைப் பார்த்தேன். ஒன்றும் புரியாதவருக்கு அப்படிச் சலித்துக்கொள்ள வராது.

பொம்மைக் கூடையை அவர் முன்னால் வைத்தேன். பசுவை எடுங்க என்றேன். இடது கையால் எடுத்தார். மீனைக் குடத்துக்குப் பக்கத்தில் வைங்க என்றேன். வைத்தார். கேட்பது புரிகிறது. பிறகு மீனைக் கையில் கொடுத்து இது என்ன என்று கேட்டேன். நாக்கு புரண்டு ‘சமக்’ என்று ஒரு சத்தம் வந்தது. வெங்காயத்துக்கு ‘பஸல்’ என்றார். நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் பொம்மைகளை எடுத்து ஒளித்துவிட்டு, வேறு ஏதோ பேசி, தண்ணீர் குடிக்க வைத்து, திரும்பவும் மீனைக் கொடுத்தேன். மறுபடி ‘சமக்’. வெங்காயத்துக்கு மறுபடி ‘பஸல்’. உளறல் ஒரு தடவை வந்த மாதிரி மறு தடவை வராது. ஒரே பொருளுக்கு ஒரே சத்தம் வந்தால் அது சொல். நமக்குத் தெரியாத சொல்லாக இருக்கலாம், ஆனால் சொல்தான். குவைத்தில் அவர் எந்த மொழியில் பேசுவார் என்று மைமூனிடம் கேட்டேன்.

“அது அவங்க சமையக்கட்டுல பேசுற அரபி. வூட்டுல ஒரு நாளும் பேசினதில்லீங்களே” என்றார் மைமூன். சொல்லிவிட்டுக் கணவர் முகத்தையே பார்த்தார்.

அரபி அறிந்தவர் வீட்டில் யாராவது உண்டா என்றதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்த மருமகன் ரஃபீக் குவைத்தில்தான் இருந்தார். மாமனார்தான் அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவர். தனியாக இருக்கிறவன் பயந்துவிடுவான் என்று பக்கவாதம் வந்த விஷயத்தையே அவரிடம் மறைத்திருந்தார்கள். போனில் கேட்கும்போதெல்லாம் அத்தா தூங்குறாங்க, தொழுகப் பள்ளிக்குப் போயிருக்காங்க என்று சமாளித்திருக்கிறார்கள். சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் குடும்ப விஷயம், நான் தலையிடக் கூடாது. ஆனால் என் எதிரே ஒருவர் தன் வீட்டிலேயே தனித் தீவாக உட்கார்ந்திருக்கிறார். இது உங்களுக்கும் வரும். குடும்பத்தின் முடிவைக் குடும்பத்திடமே விட்டுவிடுங்கள். அந்த முடிவால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

ரஃபீக்கிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து, அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார்கள். மங்கலம்பேட்டை கடைத்தெருவுக்குப் பின்னால் மாடி வைத்த வீடு. மூத்த மகள் ஷர்மிளா போனைச் சுவரில் சாய்த்து வைத்து வீடியோவில் புருஷனை அழைத்தாள். ரஃபீக் முகம் தெரிந்தது. மாமனாரின் கோணிய வாயைப் பார்த்ததும் அவர் முகத்தைப் போனுக்கு அருகில் கொண்டுவந்தார். சாகுல் பாய்தான் முதலில் பேசினார். போனை நோக்கிச் சாய்ந்து, கெஞ்சுகிற மாதிரி, “ஐஷ்” என்றார். “பாருங்க, மறுபடி ஐஸ்தான்” என்றார் மைமூன்.

ரஃபீக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். “மாமி, மாமா ஐஸ் கேக்கலை. சோறு கேக்குறாங்க. இங்க சோத்துக்கு ஐஷ்னுதான் சொல்லுவோம்.”

மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அந்த மனிதருக்குக் கஞ்சியும் கூழும்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் பேருக்குச் சோறு ஆக்கிப் போட்டவர், தனக்கு ஒரு பிடி சோறு கேட்டு, ஒவ்வொரு தடவையும் ஐஸ் கட்டி வாங்கியிருக்கிறார். மைமூன் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டார். நான் முதலில் அவர் விழுங்குவதைச் சோதித்துப் பார்த்தேன். பயமில்லை என்று தெரிந்ததும் குழைந்த சோறாக, மீன் குழம்பு ஊற்றி, கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னேன். அவர் இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, முதல் வாயை மென்று விழுங்கிவிட்டு, நெற்றியைச் சுருக்கினார். உப்பு குறைவு என்று சைகை காட்டினார். போனில் ரஃபீக் கைதட்டினார். மைமூன் சிரித்ததை நான் முதல் தடவை அப்போதுதான் பார்த்தேன்.

ஏன் அரபி முதலில் வந்தது, தாய்மொழி ஏன் பின்தங்கியது என்று கேட்பீர்கள். உறுதியாகச் சொல்ல முடியாது. மொழிகள் மூளையில் தனித்தனிப் பெட்டியில் இருப்பதில்லை. பழகிய தடத்தில்தான் போகும். அவருக்கு விழித்திருக்கிற நேரமெல்லாம் அடுப்படி, அடுப்படியெல்லாம் அரபி. கையோடும் வாசனையோடும் பழகிய சொற்கள் தப்பிப் பிழைத்திருக்கலாம். மணிமுத்தாற்றுப் பாலத்தில் வேலை நடந்தால் பஸ்ஸைச் சுற்று வழியில் விடுகிறார்கள் அல்லவா, ஊருக்கு வராமல் போவதில்லை, நேரம்தான் ஆகும். அடிபட்ட மூளையும் அப்படித்தான் வேறு வழி தேடுகிறது.

ஆனால் வீட்டில் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. சாகுல் பாயின் தம்பி காதர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர். அண்ணன் விழுந்த அன்று தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். அரபியை நிறுத்திவிட்டுத் தமிழை மட்டும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

“டீச்சரம்மா, அறுபதுக்கு மேல மூளை எங்கங்க வளரப் போவுது? இருக்கிறத வச்சு ஓட்டிக்கலாம். புள்ளைங்களுக்கு ஆசை காட்டிடாதீங்க.”

அதை ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள். நான் அவருக்கு அந்த வீட்டு ஆட்களையே காட்டிப் பதில் சொன்னேன். ஷர்மிளாவின் மகள் ஆஃப்ரின் அப்போது கூடத்தில் நான் எடுத்துப் போயிருந்த பொம்மைக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வயது. அவள் மூளை தேவைக்கு மேலேயே இணைப்புகளைப் போட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிற வயது. எது புழக்கத்தில் இருக்கிறதோ அது நிற்கும், மற்றது மெல்ல உதிரும். நஸ்ரினுக்கு இருபதுகளின் நடு. யோசித்து முடிவெடுக்கிற முன்பக்கம் அந்த வயதில்தான் முதிர்ந்து முடிகிறது. அவள் அண்மையில்தான் பி.எட். முடித்திருந்தாள். காதருக்கு ஐம்பதுகள். பெயர்கள் நாக்கு நுனியில் நின்று விளையாட்டுக் காட்டும், ஆனால் துணியைத் தொட்டதும் தரம் சொல்கிற அறிவு இளைஞனைவிட அவருக்குத்தான் கூடுதல். எந்த வயதிலும் மூளை நின்றுவிடுவதில்லை. வேகம் மாறும், செய்கிற விதம் மாறும். அடிபட்ட இடம் திரும்ப முளைக்காது, பக்கத்து இடங்கள் வேலையைக் கற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கு வேலை கொடுக்க வேண்டும், நிறையக் கொடுக்க வேண்டும்.

அரபியை நிறுத்த மாட்டேன் என்றும் சொன்னேன். திறந்திருக்கிற ஒரே கதவை மூடிவிட்டு உள்ளே போக முடியாது. காதர் ஒப்புக்கொள்ளவில்லை. தடுக்கவும் இல்லை.

நான் வாரத்தில் சில நாள்தான் போக முடியும். மற்ற நேரமெல்லாம் அவருக்குப் பயிற்சி கொடுத்தது ஆஃப்ரின். நான் ஏற்பாடு செய்ததல்ல, அவளாக எடுத்துக்கொண்ட வேலை. பெரியவர்கள் அவரிடம் பேசும்போது குரலை உயர்த்துவார்கள், வார்த்தையைப் பாதியில் எடுத்துக் கொடுப்பார்கள், பரிதாபப்படுவார்கள். ஆஃப்ரினுக்கு இது எதுவும் தெரியாது. நான் விட்டுவந்த மீன் பொம்மையைத் தாத்தாவிடம் காட்டி ‘நன்னா, இது என்னா?’ என்பாள். அவர் ‘சமக்’ என்றால், ‘மீனு’ என்பாள். மறுபடி கேட்பாள். சலிக்காமல் கேட்பாள். நூறு தடவை ஒரே கேள்வியைக் கேட்கிற பொறுமை மூன்று வயதுக்குத்தான் உண்டு. அதற்கு நாம் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க முடியாது.

கொஞ்ச நாளில் சாகுல் பாய்க்குத் தமிழ் வர ஆரம்பித்தது. ஆனால் அது ஆஃப்ரினின் தமிழ். நாய்க்கு ‘தோ தோ’ என்றார். சோற்றுக்கு ‘மம்மு’ என்றார். அதே சமயம் ஆஃப்ரின் அடுக்களையில் பாட்டியிடம் போய் நின்று ‘நன்னி, ஐஷ் குடு’ என்று கேட்டாள். மைமூனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஷர்மிளாவுக்குத்தான் சங்கடம். பெரிய மனுஷர் தெருவில் வருகிறவர்கள் முன்னால் ‘தோ தோ’ என்று சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள். நாய் என்று திருத்தினால் அவர் வாயே மூடிப் போகும் என்றேன். நாயைப் பார்த்து ஏதாவது ஒன்று சொல்லட்டும், முதலில் சத்தம் வரட்டும். பிறகு நாய் தானாக வரும். வந்தது.

இதற்கிடையில்தான் நஸ்ரினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சிதம்பரத்துப் பையன், துபாயில் வேலை. விடுப்பு கிடைக்கிற நாட்களுக்குள் நிக்காஹை முடித்தாக வேண்டும். தள்ளிப் போட வழியில்லை. நிக்காஹில் பெண்ணின் தகப்பனார்தான் வலீயாக, அவளுக்குப் பொறுப்பானவராக, உட்கார்ந்து மகளைக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். புத்தி தெளிவில்லாத தகப்பனாராக இருந்தால், பெண்ணுக்குத் தாத்தாவும் கூடப்பிறந்த ஆணும் இல்லாத இந்த வீட்டில், அடுத்து தகப்பனாரின் உடன்பிறந்தவர் அந்த இடத்தில் உட்காரலாம். அண்ணனுக்கு அப்படித்தானே, நான் உட்கார்ந்துவிடுகிறேன் என்றார் காதர். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சபையில் அண்ணன் தடுமாறி, நாலு பேர் சிரித்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

நஸ்ரின் அப்போது பேசினாள். பெரியவர்கள் முன்னால் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

“சின்னத்தா, நீங்க உக்காந்தா எனக்கு சந்தோஷந்தான். ஆனா அத்தாவுக்குப் புத்தி சரியில்லைன்னு சொல்லிட்டு உக்காரக் கூடாது. அப்படிச் சொல்லித்தான் இந்தக் கல்யாணம் நடக்கணும்னா எனக்கு வேணாம்.”

சாகுல் பாய் மகளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பிறகு தளர்ந்த தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் விஷயம் போனது. அவர் இளவயதுக்காரர், நிதானமானவர். பேச்சு வராவிட்டால் சைகையே போதும், ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார். ஜமாத்துப் பெரியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

வந்தவர்களைக் கண்டதும் சாகுல் பாய் எழ முயன்றார். உட்காரச் சொன்னார்கள். அவர் உடனே உள்ளே பார்த்து, “ஐஷ், ஐஷ்” என்றார். ஹஜ்ரத் ஓதிய அரபியில் அந்தச் சொல்லுக்கு வாழ்வு என்று பொருளாம். அவர் நெகிழ்ந்துபோய், சாகுல் பாய் வாழ்க்கையைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறார் என்றார்.

“இல்லீங்க ஹஜ்ரத்” என்றார் மைமூன் உள்ளிருந்து. “வந்தவங்களுக்குச் சோறு போடச் சொல்றாங்க.”

ஹஜ்ரத் மனம்விட்டுச் சிரித்தார். ஏட்டு அரபி வேறு, அடுப்படி அரபி வேறு என்று தெரிந்துகொண்டேன் என்றார். ஆனால் ஜமாத்துப் பெரியவர் சிரிக்கவில்லை. அவர் கேள்விகளை ஆரம்பித்தார். இன்றைக்கு என்ன கிழமை, இந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருஷம், மாப்பிள்ளையின் தகப்பனார் பெயர் என்ன என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். சாகுல் பாயின் வாய் திறந்து மூடியது. சொல் வரவில்லை. வேர்த்தது. பெரியவர் ஹஜ்ரத்தைத் திரும்பிப் பார்த்தார். காதர் தரையைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்வது என்று எனக்கு இரண்டு யோசனை. நான் எழுந்து, இவர் மூளையில் இன்ன இடத்தில் அடிபட்டிருக்கிறது, பேச்சு வேறு புத்தி வேறு என்று விளக்கலாம். அவர்கள் என் சொல்லை மதித்து ஒப்புக்கொள்ளவும் கூடும். ஆனால் அப்போது சாகுல் பாய் தன் வீட்டுக் கூடத்தில், தன் மகள் முன்னால், இன்னொருவர் சான்று சொல்லித் தேறிய ஆளாகிவிடுவார். அதனால் விளக்கவில்லை. பெரியவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். பெயரும் கிழமையும் வார்த்தை கேட்கிற கேள்விகள், அவருக்கு இல்லாததே வார்த்தைதான், எந்தக் காரியத்துக்காக வந்திருக்கிறீர்களோ அதையே அவரிடம் நேராகக் கேளுங்கள், கேட்டுவிட்டுக் காத்திருங்கள் என்றேன்.

ஹஜ்ரத் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டார். “உங்க மக நஸ்ரினை இந்தச் சிதம்பரத்துப் புள்ளைக்கு நிக்காஹ் செஞ்சு குடுக்க உங்களுக்குச் சம்மதமா?”

சாகுல் பாய் தலையசைக்கவில்லை. இடது கையை உயர்த்தி, கொஞ்சம் இருங்க என்று சைகை காட்டினார். அவர் மெல்லத் திரும்பி, வாசற்படியில் நின்ற நஸ்ரினைத் தேடினார். அவளை நோக்கி விரலை நீட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, புருவத்தை உயர்த்தி, “ஸேன்?” என்றார். அவருடைய அரபியில் நல்லதா, சரியா என்று பொருள்.

“சம்மதம் அத்தா” என்றாள் நஸ்ரின்.

அதன் பிறகுதான் அவர் ஹஜ்ரத்தை நோக்கித் திரும்பித் தலையசைத்தார்.

பெண்ணிடம் முதலில் சம்மதம் கேட்டபின்தான் தகப்பன் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது முறையாம். ஹஜ்ரத் ஜமாத்துப் பெரியவரைப் பார்த்து, “நாம கேக்க மறந்ததை அவரு கேட்டுட்டாரு. இதுக்கு மேல என்னங்க தெளிவு வேணும்?” என்றார். பெரியவர் எழுந்து வந்து சாகுல் பாயின் வலது கையை, அந்தத் தளர்ந்த கையை, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். காதர் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீனில் முள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

சைகையே போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் சாகுல் பாய்க்குப் போதவில்லை. தானே வாயால் சொல்ல வேண்டும் என்று உதட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஹஜ்ரத்தும் நானும் பேசி, ஒரு சின்ன வாக்கியமாக அமைத்துக்கொண்டோம். ‘என் மகள் நஸ்ரினை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்.’ வீட்டில் எல்லோரும் அவரை உட்கார வைத்து அதை மனப்பாடம் செய்ய வைக்கப் பார்த்தார்கள். அமைதியான அறையில் வரும். வாசலில் மோட்டார் சைக்கிள் போனால் பாதியில் நின்றுவிடும். கல்யாண மண்டபத்தில் எத்தனை சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வயதான மூளைக்குச் சத்தத்தைத் தள்ளிவிட்டு ஒன்றில் நிற்பது கஷ்டம், அடிபட்டதற்கு இன்னும் கஷ்டம். அதனால் அறையிலிருந்து வெளியே கொண்டுவரச் சொன்னேன். டி.வி. ஓடும்போது சொல்லட்டும், குக்கர் விசிலடிக்கும்போது சொல்லட்டும் என்றேன்.

இதிலும் வழி காட்டியது ஆஃப்ரின்தான். சித்தி கல்யாணப் பேச்சு காதில் விழுந்து விழுந்து, அவளுக்கு எதைப் பார்த்தாலும் கல்யாணமாக இருந்தது. என் பொம்மைக் கூடையை அந்த வீட்டிலேயே விட்டு வைத்திருந்தேன். பசுவுக்குக் கைக்குட்டையைப் போர்த்தி, குதிரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ‘நன்னா, குடு’ என்பாள். சாகுல் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘என் மகள் பசுவை உங்களுக்கு’ என்று ஆரம்பிப்பார். தவறினால் அவள் பொம்மைகளைக் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடுக்குவாள். சரியாகச் சொன்னால் அடுத்த ஜோடி தயாராக இருக்கும். கிளியை மீனுக்குக் கொடுத்தார். தக்காளியை வெங்காயத்துக்குக் கொடுத்தார். கூடத்தில், மாடிப்படியில், வாசலில், தெருவில் பால்காரர் நிற்கும்போது, எங்கேயும் கல்யாணம்தான். ஒரு நாள் நான் போனபோது அவர் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, சாவியைப் பூட்டுக்கு நிக்காஹ் செய்து கொடுத்துவிட்டுத்தான் திறந்தார். அவராகச் செய்த வேடிக்கை அது. பேச்சு திரும்புவதில் வேடிக்கை பேச்சு வருவதுதான் பெரிய அடையாளம். சொல் வந்தால் மகிழுங்கள், கேலி வந்தால் கொண்டாடுங்கள்.

நிக்காஹ் அன்று மண்டபத்தில் ஆண்கள் பக்கம் மேடை, பெண்கள் பக்கம் திரைக்கு இந்தப் புறம். நான் நஸ்ரினுக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். மேடையைப் பார்க்க முடியாது, ஸ்பீக்கரில் குரல்தான் வரும். யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும் என்று காதரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு வரிசையாகப் போய் எல்லோரிடமும் சொல்லியிருந்தாராம். சாகுல் பாயின் மடியில் ஆஃப்ரினை உட்கார வைத்திருப்பதாக ஷர்மிளா ஓடி வந்து சொன்னாள்.

ஹஜ்ரத்தின் ஓதல் முடிந்தது. ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறிகளின் சத்தம் மட்டும். நஸ்ரின் என் கையைப் பிடித்தாள்.

“என் மகள்” என்று குரல் வந்தது. நின்றது. “நஸ்ரினை.” நின்றது. எங்கோ ஒருவர் இருமினார், யாரோ அவரை அடக்கினார்கள். “உங்களுக்கு.” இந்த இடைவெளிதான் நீளமாக இருந்தது. அத்தனை பெரிய கூட்டத்தில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அந்த மௌனத்தைவிடப் பெரியது எதுவும் இல்லை. “நிக்காஹ் செஞ்சு” என்றார் சாகுல் பாய். மூச்சை இழுத்தார். “குடுத்தேன்.”

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். மைக்கை விடாமல், அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைக்கிற சமையல்காரரின் குரலில், “கலாஸ்” என்றார்.

வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்த மண்டபத்தில் வளைகுடாவில் வேலை பார்க்காத ஆண்கள் குறைவு. முதலில் ஒரு மூலையில் சிரிப்பு, பிறகு மண்டபம் முழுக்கச் சிரிப்பு. காதரின் சிரிப்பு தனியாகக் கேட்டது. திரைக்கு இந்தப் பக்கம் மைமூன் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

சத்தம் அடங்கியதும் ஹஜ்ரத் மாப்பிள்ளையிடம், ஏற்றுக்கொண்டீர்களா என்று கேட்டார். மாப்பிள்ளை நல்ல இளைஞன், ஆரோக்கியமானவன், துபாயில் நாள் முழுக்கப் போனில் பேசுகிற வேலை. ஸ்பீக்கரில் ‘ஏ’ என்று வந்தது. பிறகு ‘ஏத்து’ என்று வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. காதர் சொல்லி வைத்திருந்தபடி யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஹஜ்ரத்தும் காத்திருந்தார். கடைசியில் முதலிலிருந்து மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

நஸ்ரின் தலையில் போட்டிருந்த சரிகைத் துணியை லேசாக விலக்கி என் காதருகே குனிந்தாள்.

“டீச்சர், இவங்களையும் உங்ககிட்ட கூட்டிட்டு வரணுமா?”